மழை நாட்டுக்கு ஏற்ற பின்னல் பை – தைத்த விதம்

பின்னல் வேலைக்கும் எம்பிராய்டரிக்கும் பை தைத்துத் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எங்கே உட்கார்ந்து பின்னுவீர்கள்? அளவு நாடாவை அதற்குப் பிறகுதான் எடுப்பேன். வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து பின்னுகிறவருக்கு வேண்டிய பை வேறு, கிளினிக் வரிசையில் நின்றபடி பின்னுகிறவருக்கு வேண்டிய பை வேறு. எங்கள் பக்கத்தில் இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அதுதான் ஈரம். மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழை செப்டம்பர் வரை விடாது. அது ஓய்ந்த பிறகும் பனிமூட்டம் இருக்கிறது. ஜன்னலை மூடினாலும் துணி குளிர்ந்து ஈரமாகத்தான் கிடக்கும். கொழும்பு வெயிலில் தாங்குகிற பை எங்கள் மலையகத் தலவாக்கலையில் தாங்குவதில்லை.

இந்த முறை பை கேட்டவர் பக்கத்து லயத்துப் (தோட்டத்து வரிசை வீட்டுப்) பெரியம்மா. தேயிலைக் கொழுந்து பறிப்பதில் இருந்து ஓய்வு எடுத்த பிறகு குழந்தைகளுக்கான ஸ்வெட்டரும் தொப்பியும் பின்னிக் கொடுக்கிறார். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு ஆட்கள் வந்து குவியும்போது சின்னத் தொப்பிகளுக்கு நல்ல கிராக்கி இருக்கும். அதனால் வருஷத் தொடக்கத்தில் இருந்தே பஸ்ஸிலும் கை ஓயாமல் பின்னிக்கொண்டு போவார். அவர் சொன்னதை அப்படியே குறித்து வைத்தேன்.

"பை நிக்கணும் புள்ள. பஸ்ஸு வளைவுல திரும்புறப்ப கவுந்துருது. உருண்டை சீட்டுக்கு அடியில ஓடிப்போயிருது. அப்புறம் ஈரம் ஏறக் கூடாது. போன மழைக்கு ஊசி துருப்பிடிச்சு வெள்ளக் கம்பளில கறை பட்டுருச்சு."

அவர் அதுவரை வைத்திருந்தது கடையில் வாங்கிய ரெக்சின் பை. வெளியே இருந்து மழைத் தண்ணீர் உள்ளே போகாது, அது உண்மை. ஆனால் உள்ளே போன ஈரமும் வெளியே வராது. மழை நாளில் ஈரக் கையோடு நூலை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடினால், அந்த ஈரம் இரவு முழுக்க அங்கேயே தங்கிவிடும். பூஞ்சணம் பிடிப்பதும் ஊசி துருப்பிடிப்பதும் அதனால்தான். மூச்சு விடுகிற பருத்தித் துணியில் தைத்தால் தூறலில் கொஞ்சம் நனையும். ஆனால் அடுப்படியில் தொங்கவிட்டால் காய்ந்துவிடும். இந்த மலையில் அதுதான் மேல் என்பது என் தீர்மானமான எண்ணம். யார் வந்து பிளாஸ்டிக் லைனிங் கேட்டாலும், நூலுக்கு அது வேண்டாம் என்று எடுத்துச் சொல்லித்தான் பார்க்கிறேன்.

சரி, அளவுக்கு வருவோம். பெரியம்மா வழக்கமாகக் கொண்டு போகும் எல்லாவற்றையும் பாயில் பரப்பச் சொன்னேன். 100 கிராம் நூல் உருண்டை மூன்று, ஒவ்வொன்றும் குறுக்கே ஏறக்குறைய 4 அங்குலம். 10 அங்குல நேர் ஊசி ஒரு ஜோடி. குழந்தை உடுப்புக்கு அந்த நீளம் போதும். 6 அங்குல குரோசே ஊசிகள், சின்னக் கத்தரிக்கோல், அளவு நாடா, தையல் முடிக்கிற மொட்டை ஊசி, கண்ணாடிக் கூடு, மாதிரி எழுதிய கொப்பி. இதற்கெல்லாம் அடிப்பாகம் 8 அங்குலத்துக்கு 5 அங்குலமும் உயரம் 10 அங்குலமும் இருந்தால் சரியாக இருக்கும். இரண்டு உருண்டை பக்கத்தில் பக்கத்தில் உட்காரும், மூன்றாவது மேலே. பின்னிக்கொண்டிருக்கிற உடுப்பு அதன் மேல் மெத்தென்று கிடக்கும். 14 அங்குல நேர் ஊசி பாவிக்கிறவராக இருந்தால் இந்த உயரம் போதாது. ஊசி வெளியே நீட்டிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவரின் கையைக் குத்தும். அவர்களுக்கு உயரத்தைக் கூட்ட வேண்டும்.

துணி வெட்டும் அளவு இப்படி வரும். அகலத்துக்கு 8 கூட்டல் 5, இரண்டு பக்கத் தையலுக்கும் அரை அங்குலம் வீதம் ஒன்று, மொத்தம் 14 அங்குலம். உயரத்துக்கு 10, அடிப்பாகத்தின் பாதி 2½, மேலும் கீழும் தையலுக்கு ஒன்று, மொத்தம் 13½ அங்குலம். வெளித்துணி இரண்டு, லைனிங் இரண்டு, இரண்டுக்கும் நடுவே விறைப்புக்கு டெனிம் இரண்டு. யாருக்குத் தைத்தாலும் இதே கணக்குத்தான், எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

விறைப்பு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பை நிற்க வேண்டும் என்றால் பலரும் பக்ரம் என்ற விறைப்புத் துணியை வைப்பார்கள். அதன் விறைப்பு அதில் ஏற்றியிருக்கிற பசையில் இருந்து வருவது. ஈரம் பட்டால் அது தளர்ந்துவிடும், ஒரு முறை துவைத்தால் போயே போய்விடும். பஞ்சு மாதிரியான ஃபோம் ஈரத்தை உறிஞ்சினால் சீக்கிரம் காயாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிச் சாமான்களின் விலையும் பழைய நிலைக்கு வரவில்லை. அதனால் நான் பழைய ஜீன்ஸ் துணியைத்தான் நம்புகிறேன். கால் பகுதியைப் பிரித்து, நன்றாகத் துவைத்து, வெளித்துணிக்கு அடியில் வைத்து, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு கோடாகக் குறுக்கும் நெடுக்கும் தைத்துவிடுவேன். இரண்டு துணியும் ஒன்றாக இறுகி, அட்டை மாதிரி நிற்கும். துவைத்துக் காய்ந்த பிறகும் அப்படியே நிற்கும். ஜீன்ஸின் முழங்கால் பகுதி தேய்ந்து மெலிந்திருக்கும், அதைத் தவிர்த்துவிட்டுத் தொடைப் பகுதியில் வெட்டுவது நல்லது.

வெளித்துணிக்குக் கைத்தறித் துணி எடுத்தேன், கரும் பச்சையும் சிவப்புக் கோடும். பருத்தி கட்டாயம் சுருங்கும். வெட்டுவதற்கு முன் துவைக்காமல் இருந்தால், பை முடிந்த பிறகு வெளித்துணி ஒரு அளவாகவும் லைனிங் வேறு அளவாகவும் இழுக்கும். அதோடு சாயத்தையும் சோதிக்க வேண்டும். வெள்ளைத் துணித் துண்டை நனைத்து, சிவப்புக் கோட்டின் மேல் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பேன். துண்டில் நிறம் ஏறினால் அந்தத் துணி நூல் பைக்கு ஆகாது. குழந்தைக்குப் பின்னுகிற வெள்ளைக் கம்பளியின் பக்கத்தில் சாயம் விடுகிற துணியை வைக்க யாருக்கும் மனம் வராது. இந்தத் துணி முதல் தண்ணீரில் கொஞ்சம் விட்டது, திரும்ப அலசிய பிறகு நின்றுவிட்டது.

லைனிங் எப்போதும் வெளிர் நிறத்தில்தான் வைப்பேன். இது இளமஞ்சள் பொப்லின். கறுப்பு லைனிங் அழுக்கை மறைக்கும் என்பார்கள். ஊசியையும் சேர்த்து மறைத்துவிடும். மாலையில் மின்சாரம் இல்லாத நேரத்தில் பைக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

பாக்கெட்டுகளை லைனிங் தட்டையாக இருக்கும்போதே தைத்துவிட வேண்டும். ஒரு பக்கத்தில் நீளமான ஒரே பட்டியாகத் துணியை வைத்து, குரோசே ஊசிக்கு ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு கோடு போட்டேன். ஆழம் 5 அங்குலம், அதனால் 6 அங்குல ஊசியின் தலை ஒரு அங்குலம் மேலே தெரியும். எந்த ஊசி என்று பார்த்து எடுக்கலாம். கத்தரிக்கோல் பாக்கெட்டின் அடியை மட்டும் இரட்டைத் துணியாக மடித்து, மூலையில் ஒரு டெனிம் துண்டை வைத்துத் தைத்தேன். கத்தரிக்கோல் நுனி லைனிங்கைக் குத்திக்கொண்டு போய் நூலில் சிக்கினால் அந்த நாளே கெட்டுவிடும். எதிர்ப்பக்கத்தில் கண்ணாடிக் கூட்டுக்கும் கொப்பிக்கும் பெரிய பாக்கெட்.

இப்போது மூடி. ஜிப் வேண்டாம், ஒட்டுப் பட்டியும் (வெல்க்ரோ) வேண்டாம். உலோக ஜிப்பின் பல்லில் கம்பளி மாட்டினால் இழுக்க இழுக்க இழை பிரியும். ஒட்டுப் பட்டியின் முள்ளுப் பக்கமோ கம்பளியைத் தொட்டாலே பிய்த்துவிடும். மாலை பஸ்ஸில் அவசரமாக மூடுகிற கைக்குச் சுருக்குக் கயிறுதான் சுகம். அதனால் பையின் வாயில் மெல்லிய துணியில் 5 அங்குலக் கழுத்து ஒன்று வைத்தேன். 14 அங்குல அகலத்தில் இரண்டு துண்டு, மேல் மடிப்பில் கயிறு ஓட ஒரு அங்குலச் சந்து. இரண்டு கயிறு, ஒவ்வொன்றும் 36 அங்குலம். ஒன்று இடப்பக்கம் நுழைந்து முழுச் சுற்றும் ஓடி இடப்பக்கமே வெளியே வரும், மற்றது வலப்பக்கம். இரண்டையும் எதிர் எதிராக இழுத்தால் வாய் ஒரே இழுப்பில் சுருங்கும். ஒரு கயிறு மட்டும் போட்டால் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும்.

கைப்பிடிப் பட்டிக்கு 6 அங்குல அகலத் துணியை நான்காக மடித்து ஒன்றரை அங்குலமாக்கினேன், நீளம் 24 அங்குலம். ஒடுக்கமான பட்டி அழகாகத் தெரியும், ஆனால் தோளை அறுக்கும். வருஷக் கணக்காகக் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி பாரம் சுமந்தவர் பெரியம்மா. கழுத்துக்கும் தோளுக்கும் இனி எதுவும் அழுத்தக் கூடாது என்று எனக்கே தோன்றியது. பட்டியை வெளித்துணி தட்டையாக இருக்கும்போதே, வாயில் இருந்து 2 அங்குலம் கீழே வரை இறக்கி, சதுரமும் நடுவில் பெருக்கல் குறியுமாகத் தைத்தேன். வாய்த் தையலில் மட்டும் பட்டியைச் செருகி விட்டால் பாரம் முழுக்க அந்த ஒரு கோட்டில் விழும், சீக்கிரம் பிய்ந்துவிடும்.

அடுத்து பக்கமும் அடியும். எனக்கு இருப்பது அம்மாவிடம் இருந்து வந்த சிங்கர் கால் மெசின். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். மலையகத்தில் பழைய வீடுகளில் இன்னும் அந்தக் கறுப்பு மெசின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. தடித்த துணிக்குப் புதிய மின்சார மெசினை விட எனக்கு இதுதான் கைவசம். 16ஆம் நம்பர் ஊசி, பொலியஸ்டர் நூல், அங்குலத்துக்கு 8 தையல். இதை விட நெருக்கமாகத் தைத்தால் தடித்த துணியில் ஊசி ஓட்டைகளே ஒரு கிழிசல் கோடாக மாறிவிடும்.

அடிப்பாகத்தைச் சதுரமாக்குவதில்தான் பை நிற்பதும் விழுவதும் இருக்கிறது. பக்கத் தையலையும் அடித் தையலையும் முடித்த பிறகு, மூலையைக் கையில் பிடித்து, பக்கத் தையலின் கோடு அடித் தையலின் கோட்டின் மேலே சரியாக வந்து உட்காரும்படி தட்டையாக்க வேண்டும். அப்போது மூலை முக்கோணமாக நிற்கும். தையல் கோட்டின் நுனியில் இருந்து 2½ அங்குலம் உள்ளே சோக்கட்டியால் குறுக்கே கோடு போட்டால், அந்த இடத்தில் அகலம் சரியாக 5 அங்குலம் இருக்கும். நாடாவால் அளந்து பார்த்துவிட்டே தைக்க வேண்டும். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காராமல் கால் அங்குலம் விலகினாலும் பை ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும்.

அந்த நடு இடத்தில் கைத்தறியும் டெனிமும் மடிந்து மடிந்து ஒரு கட்டியாக இருக்கும். மெசினை மிதித்து ஓட்டினால் ஊசி உடையும். நான் செய்வது இதுதான்: தையலின் இரண்டு மடிப்புகளையும் எதிர் எதிர்ப் பக்கமாகப் பிரித்துவிட்டு, மரக்கட்டையின் மேல் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு, சுத்தியலால் தட்டுவேன். நாலைந்து தட்டில் கட்டி தட்டையாகிவிடும். அப்புறம் மெசினின் பாதம் சாயாமல் இருக்க, அதன் பின்பக்கத்தில் அதே தடிப்புக்கு மடித்த துணித் துண்டை வைத்து, காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் திருப்பி ஒவ்வொரு தையலாகக் கடப்பேன். கட்டியைத் தாண்டிய பிறகு மிதிக்கலாம். அந்த மூலையில் இரண்டு முறை தையல் ஓட்டி, முக்கோணத்தை அரை அங்குலம் விட்டு வெட்டிவிட்டேன்.

லைனிங்கையும் இதே மாதிரிதான். ஆனால் பக்கத் தையலை ஒரு நூல் அளவு உள்ளே தள்ளித் தைத்தேன். லைனிங் கொஞ்சம் சிறியதாக இருந்தால்தான் உள்ளே தொய்ந்து சுருங்காமல் இருக்கும். அடியில் 5 அங்குலம் தைக்காமல் விட்டேன். வெளிப்பையின் நல்ல பக்கமும் லைனிங்கின் நல்ல பக்கமும் ஒன்றை ஒன்று பார்க்க, நடுவே கழுத்துத் துணியை வைத்து வாயைச் சுற்றித் தைத்து, அந்த 5 அங்குல வாய் வழியாக முழுப் பையையும் வெளியே இழுத்துத் திருப்பினால் தையல் நுனி எதுவும் உள்ளே தெரியாது. விட்ட வாயைக் கைத் தையலால் மூடிவிடலாம். இந்தச் சிரமத்துக்குக் காரணம் இருக்கிறது: பைக்குள் பிரிந்து தொங்குகிற ஒரு நூல் போதும், அது கம்பளியோடு பின்னிக்கொண்டு ஸ்வெட்டருக்குள்ளேயே போய்விடும்.

அடிப்பாகத்துக்கு அட்டை வைத்தால் ஈரத்தில் ஊறிப் போகும். பழைய பிளாஸ்டிக் ஃபைல் உறையை 7¾ அங்குலத்துக்கு 4¾ அங்குலமாக இரண்டு துண்டு வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக ஒரு துணி உறைக்குள் போட்டுப் பையின் அடியில் வைத்தேன். துவைக்கும்போது வெளியே எடுத்துவிடலாம். பிளாஸ்டிக்கை நான் அனுமதிக்கிற ஒரே இடம் இது.

நூல் வெளியே வரும் வழியைத்தான் நான் அதிகம் யோசித்தேன். பை மூடியிருக்க, நூல் மட்டும் ஒரு ஓட்டை வழியாக வந்தால் உருண்டை எங்கேயும் ஓடாது. இரும்பு வளையம் அடித்தால் துரு, வளையத்தின் விளிம்பில் சின்னப் பிசிறு இருந்தாலும் நூல் தேயும். அதனால் பக்கத் தையலுக்கு அருகே ஒரு விரல் நுழையும் ஓட்டை போட்டு, அதைச் சுற்றிக் கையால் காஜா போட்டேன். இரட்டை நூலை மெழுகில் இழுத்து, தையலோடு தையல் ஒட்டும்படி. விரலால் தடவினால் வழுவழுவென்று இருக்க வேண்டும், அதுவரை விடக் கூடாது.

ஆனால் மூடிய ஓட்டைக்குள் நூலை நுழைத்துப் பின்னத் தொடங்கினால், உடுப்பு முடிகிறவரை பையை விட்டுப் பிரிக்க முடியாது. நூலை வெட்ட வேண்டி வரும். அதற்கு மாற்றாகப் பையின் வாய்க்கருகே, வெளிப்பக்கத்தில், 3 அங்குலப் பட்டி ஒன்றின் ஒரு நுனியைத் தைத்து மறு நுனிக்குப் பிரஸ் பட்டன் வைத்தேன். பட்டனைத் திறந்து நூலை வைத்து மூடினால் வளையம். வேண்டாத நேரத்தில் திறந்து எடுத்துவிடலாம். பெரியம்மாவுக்கு இரண்டுமே இருக்கிறது. ஒரே நிறத்தில் பின்னும்போது ஓட்டையையும், நிறம் மாற்றிப் பின்னும்போது பட்டியையும் பாவிக்கிறார்.

ஊசித் துருவுக்குத் தனியாக ஒரு சின்ன மடிப்பு. உள்ளே பருத்திக்குப் பதிலாகத் தடித்த கம்பளித் துணியில் இரண்டு பக்கம் வெட்டி வைத்து, மொட்டை ஊசிகளை அதில் குத்தச் சொன்னேன். மருந்துப் போத்தலுக்குள் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொதி ஒன்றையும் பக்கத்தில் போட்டேன். நேர் ஊசிகளின் முனைக்கு அழிரப்பரை இரண்டாக வெட்டி ஒவ்வொரு முனையிலும் குத்திவிட்டால் பஸ் குலுங்கினாலும் தையல் கழன்று ஓடாது.

பையைப் பார்த்த பெரியம்மாவின் மகள் தனக்கும் ஒன்று கேட்டாள். அவள் செய்வது எம்பிராய்டரி, அதனால் அது தட்டையான பை. 8 அங்குல வளையத்துக்கு 10 அங்குல அகலப் பாக்கெட் வேண்டும்; வளையத்தின் திருகாணி வெளியே நீட்டுவதை மறந்தால் பாக்கெட் உள்ளே வளையம் போகாது. நூல் கட்டுகளுக்குப் பிளாஸ்டிக் ஜன்னல் வைப்பது வழக்கம், நான் நுளம்பு வலைத் துணியை வைத்தேன். நிறம் எல்லாம் வெளியே தெரியும், காற்றும் போகும். வேலை முடிந்ததும் துணியை வளையத்தில் இருந்து கழற்றி வைக்கும்படி அவளுக்குச் சொல்லி இருக்கிறேன். மாட்டியபடியே விட்டால் மடிப்புத் தடம் விழும். மழைக் காலத்தில் திருகாணியின் துருவும் துணியில் இறங்கும், அது இலேசில் போகாது.

இரண்டு பேருக்கும் ஒரே பராமரிப்புத்தான். வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, கொடியில் போட வேண்டும். வெயிலே வராத வாரங்களில் அடுப்படியில் புகை படாத மூலையில், வாயைத் திறந்தபடி தொங்கவிடலாம். கழுத்துக் கயிறு தேய்ந்தால் சந்துக்குள் புதுக் கயிற்றை ஊக்கால் கோர்த்துக்கொள்ளலாம், தையலைப் பிரிக்க வேண்டியதில்லை.